இரசத்தை விட்டால் வேறு எது? சுவட்டு உலோகம் பார்க்கும் மின்வாய்கள்: வன்னி ஆய்வுகூடங்களுக்கு ஓர் ஒப்பீடு

கிணற்று நீரில் ஈயம் இருக்கிறதா, கட்மியம் இருக்கிறதா என்று மாணவர்களைக் கொண்டே பார்க்க முடியுமா? வன்னியில் இரசாயனவியல் படிப்பிக்கும் நண்பர்கள் பலர் இதைக் கேட்கிறார்கள். கேட்பதற்குக் காரணமும் இருக்கிறது. காரணம் இன்னும் முடிவாகாத சிறுநீரக நோய் வவுனியா மாவட்டத்தையும் தொட்டிருக்கிறது. கட்மியமா, ஆசனிக்கா, நீரின் கடினத்தன்மையா, புளோரைட்டா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். முல்லைத்தீவுக் கரையில் வலைக்கு ஈயக்குண்டு கட்டுகிறார்கள். பழைய வாகனப் பற்றரியை உடைத்து ஈயம் எடுக்கிற இடங்களும் உண்டு. இவற்றையெல்லாம் கண்ணால் பார்க்கிற பிள்ளைக்கு, லீற்றருக்குச் சில மைக்குரோகிராம் உலோகத்தைத் தன் கையால் அளப்பது பெரிய படிப்பு.

சிக்கல் மின்வாயில்தான் தொடங்குகிறது. பழைய செய்முறைக் கையேடுகள் இரசத்தை, அதாவது பாதரசத்தை, சொல்கின்றன. புதிய கட்டுரைகள் பிசுமது, அந்திமனி, பொன், வைரம் என்று அடுக்குகின்றன. விற்பவர்களோ அச்சிட்ட பட்டையைக் காட்டுகிறார்கள். எதை எடுப்பது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காகவே இந்த ஒப்பீடு.

முறை எப்படி வேலை செய்கிறது

இங்கே பேசப்போவது அனோட்டு உரிப்பு முறை. கரைசலைக் கலக்கிக்கொண்டே மின்வாய்க்கு நன்றாக எதிரான ஓர் அழுத்தத்தை, −1.2 வோல்ற்று போல, இரண்டு நிமிடம் கொடுக்கிறோம். கரைந்திருக்கும் உலோக அயன்கள் தாழ்த்தப்பட்டு மின்வாயில் படிகின்றன. பிறகு கலக்குவதை நிறுத்தி, அழுத்தத்தை நேர்ப்பக்கமாக ஏற்றுகிறோம். படிந்த உலோகங்கள் ஒவ்வொன்றும் தனக்குரிய அழுத்தத்தில் ஒட்சியேறி உரிந்து போகும்போது மின்னோட்டத்தில் ஓர் உச்சி எழும்பும். உச்சி எங்கே வருகிறது என்பது எந்த உலோகம் என்று சொல்லும். அதன் உயரம் எவ்வளவு என்று சொல்லும். இரண்டு நிமிடம் சேர்த்து வைத்ததை ஒரு சில செக்கனில் உரித்து எடுப்பதால்தான், சாதாரண மின்பகுப்பால் எட்ட முடியாத செறிவுகள் அகப்படுகின்றன.

அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பொட்டென்சியோஸ்டாட் கருவி எல்லாத் தெரிவுக்கும் பொதுவானது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகத்தில் உருவாக்கி 2011இல் வெளியிட்ட ‘சீப்ஸ்டாட்’ போன்ற திறந்த வடிவமைப்புகள் அப்போது 80 டொலருக்கும் குறைந்த உதிரிப்பாகங்களில் செய்யக்கூடியவையாக இருந்தன. மடிக்கணினியில் இருந்தே ஓடக்கூடிய சிறு கருவியாக இருந்தால் மின்வெட்டு நாளிலும் வகுப்பு நிற்காது.

எதை வைத்து எடை போடுவது?

ஆய்வுக் கட்டுரைகள் முதலில் பார்ப்பது கண்டறி எல்லையை, அதாவது கண்டுபிடிக்கக்கூடிய மிகக் குறைந்த செறிவை. கற்பித்தலுக்கு அதை முதலிடத்தில் வைப்பது சரியல்ல என்பது என் எண்ணம். உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டி அளவுகள் லீற்றருக்கு ஈயம் 10 மைக்குரோகிராம், கட்மியம் 3, ஆசனிக்கு 10. இந்த அளவுகளை எட்டினால் போதும். அதற்கும் நூறு மடங்கு கீழே போகும் திறமையால் வகுப்பறைக்கு ஒரு பயனும் இல்லை.

என் கணக்கில் முதலில் வருவது மூச்சும் கையும். முப்பது பிள்ளைகள் அடைந்து நிற்கும் அறையில், வெளியகற்றி இல்லாத இடத்தில், அந்தப் பொருளை வைக்கலாமா? அடுத்தது கழிவு. நம் பாடசாலை ஆய்வுகூடத் தொட்டிகளில் பல வெளியே ஒரு குழிக்குள் போய் முடிகின்றன. அங்கிருந்து மண்ணுக்குள், பிறகு அதே வளவின் கிணற்றுக்குள். மூன்றாவது, கரைந்த ஒட்சிசனை அகற்ற நைதரசன் உருளை தேவையா என்பது. கொழும்பிலிருந்து ஏ9 வழியே உருளையைக் கொண்டுவந்து, வெற்று உருளையைத் திருப்பி அனுப்பி, சீராக்கி பழுதானால் ஆள் தேடி அலைந்தவர்களுக்கு இதன் பாரம் தெரியும். நான்காவது, உடைந்தால் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ மாற்று வாங்க முடியுமா. இவற்றுக்குப் பிறகுதான் எந்த உலோகம், எவ்வளவு நுணுக்கம் என்ற கேள்விகள்.

இரசம்: தொங்கும் துளியும் படலமும்

இரசத்தின் பெருமையைக் குறைத்துச் சொல்ல முடியாது. பிராகில் யாரொஸ்லாவ் ஹெய்ரொவ்ஸ்கி 1922இல் சொட்டும் இரச மின்வாயைக் கொண்டு தொடங்கிய துறைதான் இது. அதற்காக 1959இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒவ்வொரு துளியும் புத்தம் புதிய மேற்பரப்பு. ஐதரசன் எளிதில் வெளிவராததால் நன்றாக எதிர்ப்பக்கம் போகலாம். ஈயம், கட்மியம், நாகம் (துத்தநாகம்) எல்லாம் இரசத்துக்குள் கரைந்து, உரியும்போது கூரான உச்சி தரும்.

ஆனால் வன்னியின் வெயிலை நினைத்துப் பாருங்கள். இரச ஆவியால் நிறைந்த காற்றில் 20 பாகையில் கன மீற்றருக்கு ஏறத்தாழ 14 மில்லிகிராம் இரசம் இருக்கும். 30 பாகையில் அது இரு மடங்காகி 30 மில்லிகிராமை நெருங்கும். வேலையிடத்துக்குப் பரவலாக ஏற்கப்பட்ட எல்லை 0.025 மில்லிகிராம்தான். நடைமுறையில் அறைக் காற்று முழுவதும் நிறைவடைவதில்லை. ஆனாலும் ஆயிரம் மடங்குக்கு மேற்பட்ட இந்த இடைவெளி, சித்திரை மாத மதியத்தில் தரை வெடிப்புக்குள் ஓடி ஒளிந்த ஒரு துளி எவ்வளவு காலம் மூச்சில் கலந்துகொண்டிருக்கும் என்று காட்டுகிறது.

‘துளி வேண்டாம், கண்ணாடிக் காபனில் (கண்ணாடி போல் இறுகிய காபன்) மெல்லிய இரசப் படலம் போதும்’ என்பவர்கள் உண்டு. திரவ இரசம் கையில் இல்லை என்பது உண்மை. ஆனால் படலத்தை உண்டாக்கக் கரைசலில் இரச உப்புச் சேர்க்க வேண்டும். வழக்கமான செய்முறையில் அது லீற்றருக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம் இரசம். குடிநீருக்கான வழிகாட்டி அளவு 6 மைக்குரோகிராம். அதாவது ஒவ்வொரு முகவைக் கழிவும் அந்த அளவைப் போல முந்நூறு மடங்குக்கு மேல். அதைச் சேகரித்து வைத்தாலும், வாங்கி முறையாக அழிக்க ஆள் வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு இன்னும் உண்டு. இரசத்தில் ஒட்சிசனின் இடையூறு பெரிது. ஆகவே நைதரசன் உருளை கட்டாயமாகிவிடும். 2013இல் ஏற்கப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கையில் இலங்கையும் ஒரு தரப்பு. ஆராய்ச்சிக்கான பயன்பாட்டுக்கு அதில் விலக்கு இருக்கிறது. என்றாலும் இனிமேல் புதிதாக இரசத்தை நம்பி ஒரு செய்முறையைக் கட்டியெழுப்புவதில் பொருளில்லை.

எப்போது இதுவே நல்லது? மூடிய கலத்தோடு கூடிய தொங்கு துளிக் கருவி ஏற்கெனவே இருக்கும், புகையகற்றி வேலை செய்யும், பயிற்சி பெற்ற தொழினுட்ப உத்தியோகத்தர் இருக்கும் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில், வேறு மின்வாயின் முடிவைச் சரிபார்க்க. அவ்வளவுதான். உடைந்த வெப்பமானிகளிலிருந்து சேர்த்து வைத்த இரசத்தை ‘வீணாக்காமல் பயன்படுத்துவோம்’ என்ற எண்ணம் யாருக்காவது இருந்தால், தயவு செய்து அந்தப் போத்தலை இறுக மூடி, பெயர் எழுதி, பூட்டிய அலுமாரியில் வையுங்கள்.

பிசுமதுப் படலம்

ஜோசப் வாங்கும் சுலோவேனிய ஆய்வாளர்களும் 2000ஆம் ஆண்டில் இதை முன்வைத்தார்கள். ஈயத்துக்கும் இரசத்துக்கும் பக்கத்தில் நிற்கும் பார உலோகம் என்றாலும் பிசுமதுவின் நச்சுத்தன்மை மிகக் குறைவு. வயிற்றுக் கோளாறுக்கான மருந்துகளில் அதன் சேர்வைகள் இருக்கின்றன. ஈயம், கட்மியம், நாகம் மூன்றோடும் எளிதில் கலப்புலோகமாகிறது. இரசம் செய்த வேலையில் பெரும்பகுதியை இதனால்தான் அது செய்கிறது.

நமக்கு அதைவிடப் பெரிய வரம் ஒன்று இருக்கிறது. கரைந்த ஒட்சிசன் இதை அவ்வளவு குழப்புவதில்லை. நைதரசன் உருளை இல்லாமலே வேலை நடக்கும். வன்னிப் பாடசாலை ஒன்றுக்கு இந்த ஒரு காரணமே போதும் என்பேன்.

செய்முறை சுருக்கமாக இப்படி. 0.23 கிராம் பிசுமது நைத்திரேற்றை, ஐந்து நீர் மூலக்கூறு உள்ள பளிங்கு வகை, லீற்றருக்கு 0.5 மோல் செறிவுள்ள நைத்திரிக்கமிலத்தில் கரைத்து, அதே அமிலத்தால் 100 மில்லிலீற்றருக்கு நிரப்பினால் லீற்றருக்கு 1000 மில்லிகிராம் பிசுமதுக் கரைசல் கிடைக்கும். வெறும் தண்ணீரில் கரைக்கப் போனால் வெள்ளை வீழ்படிவு வந்து நிற்கும். அமிலம் முதலில் என்பதை மறக்கக்கூடாது. இதை அதே அமிலத்தால் பத்து மடங்கு ஐதாக்கி வைத்துக்கொள்ளுங்கள். 9 மில்லிலீற்றர் நீர் மாதிரியோடு பீ.எச் 4.5 உள்ள, லீற்றருக்கு 1 மோல் செறிவான அசற்றேற்றுத் தாங்கற்கரைசல் 1 மில்லிலீற்றர், ஐதாக்கிய பிசுமதுக் கரைசல் 0.1 மில்லிலீற்றர். மருந்துக்கடையில் கிடைக்கும் 1 மில்லிலீற்றர் சிரிஞ்ச் அளப்பதற்குப் போதும். இப்போது கலத்தில் லீற்றருக்கு 1 மில்லிகிராம் பிசுமது இருக்கும். −1.2 வோல்ற்றில் இரண்டு நிமிடம் கலக்கியபடி படியவிட்டு, சில செக்கன் அமைதியாக்கி, நேர்ப்பக்கம் ஓட்டவேண்டும்.

அழுத்தத்தை ஒப்பிட்டு அளக்க உதவும் வெள்ளி–வெள்ளி குளோரைட்டு மாட்டேற்று மின்வாயோடு பார்த்தால் கட்மியம் −0.8 அளவிலும் ஈயம் −0.55 அளவிலும் வரும். நாகம் வேண்டுமென்றால் −1.4இல் படியவிட வேண்டும். அதன் உச்சி −1.1க்கு அண்மையில் எழும்பும். கடைசியாக −0.2 பக்கத்தில் வரும் பெரிய மேடு பிசுமதுவே உரிவது. அதன் பிறகு +0.3 வோல்ற்றில் அரை நிமிடம் வைத்தால் மின்வாய் சுத்தம், அடுத்த ஓட்டத்துக்கு ஆயத்தம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பிசுமது தானே −0.2 அளவில் உரிந்து விடுவதால் அதற்கு நேர்ப்பக்கத்தில் உள்ளவை இதற்கு அகப்படா. செப்பு, இரசம், ஆசனிக்கு எதற்கும் இது உதவாது. செப்பு இன்னொரு வகையிலும் தொல்லை தரும். மாதிரியில் செப்பு அதிகமிருந்தால் படியும் இடத்துக்குப் பிசுமதுவோடு போட்டி போட்டு, ஈயத்தின் உச்சியையும் கட்மியத்தின் உச்சியையும் தாழ்த்திவிடும். செப்புப் பூஞ்சைநாசினி அடிக்கும் தோட்டத்துக் கிணறு என்றால் இதை நினைவில் வைக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் சிறிதளவு பெரோசயனைட்டுச் சேர்த்துச் செப்பைக் கட்டிப்போடலாம். அதைச் சூடான வலிய அமிலத்தோடு சேரவிடக்கூடாது என்பதால் பாடசாலைக்கு அந்த வழியைச் சொல்ல மாட்டேன். நம் கிணற்று நீரில் ஐதரசன் காபனேற்றும் தாராளம். தாங்கற்கரைசல் ஐதாக இருந்தால் பீ.எச் ஏறி, பிசுமது வீழ்படிவாகிவிடும். மேலே 1 மோல் என்று சொன்னது அதனால்தான்.

எதன் மேல் இந்தப் படலத்தைப் போடுவது என்பது தனிக் கேள்வி. மூன்று அடிமானங்கள் பேச்சில் வருகின்றன.

*பென்சில் முனை.* புத்தகக்கடையில் விற்கும் 0.5 மில்லிமீற்றர் எச்பி முனைதான். அழுத்து பென்சிலின் உலோக வாயில் மின்கம்பியைக் கவ்வினால் இணைப்புத் தயார். ஒரு சென்ரிமீற்றர் நனையவிட்டால் ஏறத்தாழ 16 சதுர மில்லிமீற்றர் பரப்புக் கிடைக்கும். 3 மில்லிமீற்றர் விட்டமுள்ள கண்ணாடிக் காபன் வட்டின் பரப்பு 7 சதுர மில்லிமீற்றர்தான். அதாவது விலை உயர்ந்ததைவிட மலிவானது இரு மடங்கு பெரிது. நனையும் நீளம் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறினால் உச்சியும் மாறும். ஆகவே ஒரு சென்ரிமீற்றருக்கு மேலே நகப்பூச்சுப் பூசிக் காயவிட்டு எல்லை கட்ட வேண்டும். முனையில் களிமண்ணும் பிணைபொருளும் கலந்திருப்பதால் கூட்டுக்குக் கூடு நடத்தை வேறுபடும். ஒரு வகுப்புக்கு ஒரே கூட்டு முனைகளை எடுங்கள். செறிவு தெரிந்த நியமக் கரைசலை அதே மாதிரிக்குள் படிப்படியாகச் சேர்த்து அளக்கும் முறையைக் கையாண்டால் மிச்ச வேறுபாடும் பெரிதாகப் பாதிக்காது. ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்த மின்வாய் என்பது வேறெந்த வழியிலும் கிடைக்காத வசதி.

*கண்ணாடிக் காபன்.* ஒத்த முடிவுகள், நீண்ட ஆயுள். ஆனால் ஒவ்வொரு முறையும் நுண்ணிய அலுமினாத் தூளில் மெருகிட வேண்டும். ஒன்றுதான் இருக்கும், முப்பது பேர் காத்திருப்பார்கள். ஒரு கீறல் விழுந்தால் கதை முடிந்தது. வவுனியாப் பல்கலைக்கழகம், அறிவியல்நகரில் உள்ள பீடங்கள் போன்ற இடங்களில் ஆய்வுத் திட்டம் செய்யும் மாணவருக்கு இது ஏற்றது.

*பற்றரிக் காபன் கோல்.* பழைய டோச் பற்றரியை உடைத்துக் கோலை எடுக்கலாமே என்று வன்னியில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். பற்றரி உள்ளே வரவே தடை இருந்த போர்க்காலத்தைக் கண்டவர்களுக்கு அதில் எதையும் எறிய மனம் வராது. சாதாரண மின்பகுப்புக்கு அது அருமையான கோல். இந்த வேலைக்கு மட்டும் வேண்டாம். பற்றரியின் நாகக் கூட்டில் வழமையாக ஈயமும் கட்மியமும் சிறிதளவு சேர்த்து வந்திருக்கிறார்கள். நாம் தேடுவதும் அவற்றைத்தான். கோலில் மெழுகும் ஊறியிருக்கும். எதை அளக்கிறோம் என்றே தெரியாமல் போய்விடும்.

பிசுமது ஒட்சைட்டுக் காபன் பசை

காபன் பசை மின்வாயை ரால்ஃப் அடம்ஸ் 1958இல் அறிமுகப்படுத்தினார். காரீயத்தூளை (ஈயம் அல்ல, கிராபைட்டு என்ற காபன்) மருந்துக்கடைப் பரவின் எண்ணெயில் குழைத்து, முனை வெட்டிய சிரிஞ்சுக்குள் அடைத்து, பின்பக்கமாகச் செப்புக் கம்பி செருகினால் மின்வாய் ஆயிற்று. அந்தத் தூளிலேயே நூற்றுக்குச் சில பங்கு பிசுமது ஒட்சைட்டைக் கலந்துவிட்டால், எதிர் அழுத்தம் கொடுக்கும்போது அது தானே பிசுமதுவாகத் தாழ்த்தப்படும். கரைசலில் பிசுமது சேர்க்கவே தேவையில்லை. நைத்திரிக்கமிலத்தில் பிசுமதுக் கரைசல் தயாரிக்கும் வேலை மிச்சம். கழிவில் நாம் புதிதாகச் சேர்த்த உலோகமும் அநேகமாக இல்லை.

மேற்பரப்புப் பழுதானால் கொஞ்சம் பிதுக்கி, வழுவழுப்பான தாளில் தேய்த்தால் புதியது கிடைத்துவிடும். காரீயத்துக்கு நாம் வெளிநாட்டை எதிர்பார்க்க வேண்டியதும் இல்லை. போகலவிலும் கஹட்டகஹவிலும் தோண்டும் நாளக் காரீயம் தூய்மைக்கு உலகப் பெயர் பெற்றது. தன் நாட்டுக் காரீயத்தில் தான் செய்த மின்வாயால் பிள்ளை அளக்கிறது என்பது எனக்குப் பெரிய விடயமாகப் படுகிறது.

குறை என்னவென்றால் கைப்பக்குவம். ஒருவர் இறுக்கி அடைப்பார், ஒருவர் தளர்வாக அடைப்பார். உள்ளே காற்றுக்குமிழி நின்றால் உச்சி நடுங்கும். பின்னணி மின்னோட்டமும் படலத்தைவிடச் சற்றுக் கூட. லீற்றருக்குப் பத்துக்கணக்கான மைக்குரோகிராம் ஈயத்துக்கு நம்பலாம். 3 மைக்குரோகிராம் கட்மியத்துக்கு இதை நம்பி நிற்க மாட்டேன்.

அச்சிட்ட பட்டைகள்

அளக்கும் மின்வாய், மாட்டேற்று மின்வாய், துணை மின்வாய் மூன்றும் ஒரு சிறு பட்டையில். ஒரு துளி போதும், மெருகும் இல்லை, குழைப்பும் இல்லை. பிசுமது கலந்தே வருபவையும் உண்டு. இரணைமடுக் கரையில் நின்றே அளக்க வேண்டுமென்றால் இதற்கு ஈடில்லை.

ஆனால் ஒவ்வொன்றும் இறக்குமதி, ஒரு சில ஓட்டத்தோடு குப்பை. இந்த வருடம் நன்கொடையில் வரும், அடுத்த வருடம் வராது, செய்முறை அப்படியே நின்றுபோகும். இன்னொன்றையும் கவனியுங்கள். அதில் உள்ள மாட்டேற்று மின்வாய் வெறும் வெள்ளி மைக்கோடு. குளோரைட்டுச் செறிவு பத்து மடங்கு மாறினால் அதன் அழுத்தம் ஏறத்தாழ 59 மில்லிவோல்ற்று நகரும். ஒட்டுசுட்டான் கிணற்று நீரையும் நந்திக்கடல் நீரையும் அடுத்தடுத்து ஓட்டினால் ஈயத்தின் உச்சி இடம் பெயர்ந்து நிற்கும், மாணவர் அதை வேறு உலோகம் என்று எழுதிவிடுவார். எல்லா மாதிரியிலும் ஒரே அளவு பொற்றாசியம் குளோரைட்டைத் தாராளமாகச் சேர்த்துக்கொண்டால் கிணற்று நீர்களுக்குள் இது தீரும். கடல்நீரை வேறாகவே பாருங்கள்.

பொன்

ஆசனிக்கு, செப்பு, இரசம் ஆகியவற்றுக்குப் பொன் மின்வாய். பிசுமது கைவிடும் இடத்தில் இது வேலை செய்யும். ஆசனிக்குப் பற்றிய கவலை வன்னியில் இருப்பதால் பலர் இதை நோக்கி ஈர்க்கப்படுகிறார்கள். பாடசாலைக்கு வேண்டாம் என்பதே என் பதில். மின்வாயால் ஆபத்தில்லை, நியமக் கரைசலால்தான் ஆபத்து. ஆசனிக்கு ஒட்சைட்டைப் பாடசாலை அலுமாரியில் வைக்கக்கூடாது. காற்றுப்பட்ட நீரில் ஆசனிக்குப் பெரும்பாலும் ஐந்து வலுவளவில் இருக்கும். அதை முதலில் மூன்றுக்குத் தாழ்த்த வேண்டும். அமிலத்தில் அழுத்தம் எல்லை மீறினால் ஆர்சின் வாயு வரும் சாத்தியமும் உண்டு. புகையகற்றியோடு பல்கலைக்கழகத்தில் செய்யட்டும்.

செப்பு மட்டும் பார்க்க வேண்டுமென்றால் பொன்னும் தேவையில்லை, பிசுமதுவும் தேவையில்லை. வெறும் பென்சில் முனையே செப்பைப் பிடிக்கும்.

மற்றவை

அந்திமனிப் படலம் 2007இல் வந்தது. அமிலம் கூடிய கரைசலில் பிசுமதுவைவிட நன்றாக நிற்கும். ஆனால் அந்திமனி உப்புகள் நச்சு. இரசத்தை விட்டு இதற்குத் தாவுவதில் கற்பித்தலுக்கு இலாபமில்லை. வெள்ளீயப் படலம் பாதுகாப்பானது. ஆனால் வெள்ளீயத்தின் நியம மின்வாய் அழுத்தம் −0.14, ஈயத்தினது −0.13. இரண்டும் ஒன்றில் ஒன்று விழும், ஈயத்தைப் பிரித்தறிய முடியாது. போரன் கலந்த வைரம் உறுதியானது, பரந்த அழுத்த வீச்சு உள்ளது, நம் வரவுசெலவுத் திட்டத்துக்கு எட்டாதது.

ஒரே பார்வையில்

| மின்வாய் | பிடிப்பவை | மாணவருக்கு ஆபத்து | கழிவு | நைதரசன் | வன்னியில் மாற்று |
|---|---|---|---|---|---|
| இரசத் துளி / படலம் | ஈயம், கட்மியம், நாகம், செப்பு | உயர்வு | மிகக் கடினம் | வேண்டும் | இல்லை |
| பென்சில் + பிசுமது | ஈயம், கட்மியம், நாகம் | குறைவு | சிறிது, சேகரிக்கலாம் | வேண்டாம் | புத்தகக்கடை |
| கண்ணாடிக் காபன் + பிசுமது | அவையே, நம்பகம் கூட | குறைவு | சிறிது | வேண்டாம் | இறக்குமதி |
| பிசுமது ஒட்சைட்டுப் பசை | ஈயம். கட்மியம் ஓரளவு | மிகக் குறைவு | மிகச் சிறிது | வேண்டாம் | கையால் செய்யலாம் |
| அச்சிட்ட பட்டை | வகையைப் பொறுத்து | குறைவு | பட்டைக் குப்பை | வேண்டாம் | இறக்குமதி |
| பொன் | ஆசனிக்கு, செப்பு, இரசம் | நியமக் கரைசலால் உயர்வு | கடினம் | முறையைப் பொறுத்து | கடினம் |

யார் எதை எடுப்பது?

உயர்தர வகுப்பு உள்ள பாடசாலை என்றால் பென்சில் முனையும் பிசுமதுப் படலமும். தொடக்கத்துக்கு நாகத்தை எடுங்கள். தகரக் கூரையில் விழுந்து தாங்கியில் சேர்ந்த மழைநீரில் நாகம் நன்றாகவே இருக்கும், பெரும்பாலும் ஐதாக்கித்தான் அளக்க வேண்டிவரும். நாக உப்பின் நச்சு ஈயத்தினதைப்போல இல்லை. கை பழகிய பிறகு ஈயத்துக்குப் போகலாம். கட்மியத்தைப் பாடசாலையில் தவிர்த்துவிடலாம்.

ஈய நைத்திரேற்றைப் பிள்ளைகள் நிறுக்கத் தேவையில்லை. செறிந்த கரைசலை ஆசிரியர் கையுறையோடு தயாரித்து ஐதாக்கி, லீற்றருக்கு 1 மில்லிகிராம் அளவுக்குக் கொண்டுவந்து கொடுத்தால் போதும். 10 மில்லிலீற்றர் கலத்தில் லீற்றருக்கு 50 மைக்குரோகிராம் செறிவு என்றால் அங்கே இருப்பது அரை மைக்குரோகிராம் ஈயம் மட்டுமே. மின்வாய் எவ்வளவு பாதுகாப்பாக இருந்தாலும், நியமக் கரைசலில் கவனம் தவறினால் செய்த தெரிவெல்லாம் வீண்.

அமில வேலைக்கே வசதியில்லாத இடம், அல்லது விஞ்ஞானக் கழகச் செயற்பாடு என்றால் பசை. பல்கலைக்கழக ஆய்வுத் திட்டத்துக்குக் கண்ணாடிக் காபனில் பிசுமது. ஒரே நாள் கண்காட்சிக்குப் பட்டை.

மாட்டேற்று மின்வாயைக் கையோடு செய்துகொள்ளலாம். நகைக்கடையில் வெள்ளிக் கம்பி வாங்கி, சலவை வெளிற்றும் திரவத்தில் சில நிமிடம் போட்டால் கருமை படர்ந்து வெள்ளி குளோரைட்டுப் பூச்சாகிவிடும். செப்புக் கலக்காத தூய வெள்ளி என்று கேட்டு வாங்குங்கள். கண்ணாடிப் பாத்திரங்களை முதல்நாள் இரவே ஐதான நைத்திரிக்கமிலத்தில் ஊறப்போட்டு, காய்ச்சி வடித்த நீரில் அலசி, மாதிரி நீர் இல்லாத வெற்று ஓட்டம் ஒன்றை முதலில் எடுக்க வேண்டும். பித்தளைக் குழாயில் பிடித்த நீரும் தூசி படிந்த முகவையும் தரும் உச்சியைக் கிணற்றின் தலையில் கட்டிவிடக்கூடாது. கழிவையெல்லாம் ஒரு போத்தலில் சேர்த்து, சோடியம் காபனேற்றுப் போட்டு வீழ்படிவாக்கி, அடியில் நிற்பதை உலரவைத்து மூடி வைத்தால், வருடம் முழுக்கச் செய்த வேலையின் கழிவு ஒரு சிறு போத்தலுக்குள் அடங்கும்.

வந்த முடிவை என்ன செய்வது?

எந்த மின்வாயை எடுத்தாலும் இந்தக் கேள்வி வரும். வகுப்பில் ஓர் உச்சி எழும்பியதும் ‘இன்னார் வீட்டுக் கிணற்றில் கட்மியம்’ என்று பிள்ளை வீட்டில் போய்ச் சொல்லும். சிறுநீரக நோய்ப் பயம் உள்ள கிராமத்தில் அந்தச் சொல் ஒரு குடும்பத்தைக் கிணற்றை விட்டே விலகவைக்கும். ஆகவே மாதிரிகளுக்குப் பெயர் எழுதாமல் குறியீடு கொடுங்கள். வெற்று ஓட்டம், நியமச் சேர்ப்பு, மீள் அளவீடு மூன்றும் ஒத்துப்போன பிறகும் உயர்வாகத் தெரிந்தால், நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடம் போன்ற இடத்துக்கு மாதிரியை அனுப்பி, அவர்கள் தரும் அறிக்கையோடு வீட்டுக்காரரிடம் பேசுங்கள்.

மறுபக்கமும் இருக்கிறது. உச்சி வரவில்லை என்பதற்காக ‘குடிக்கலாம்’ என்று யாரும் சொல்லக்கூடாது. புளோரைட்டும் கடினத்தன்மையும் கிருமிகளும் இந்த மின்வாய்களின் கண்ணுக்குத் தெரியாதவை. வறண்ட வலயக் கிணறுகளில் புளோரைட்டு ஏற்கெனவே உறுதியாக அறியப்பட்ட சிக்கல். மாணவர் அறிக்கையின் தலைப்பில் ‘ஈயம், நாகம் மட்டும் பார்க்கப்பட்டது’ என்று எழுதவையுங்கள்.